காலையில் எழும்பாத கம்ப்யூட்டர்: பவர் சப்ளையா, மதர்போர்டா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பொகவந்தலாவையில் கொமினிகேஷன் கடை, டைப்பிங்கும் போட்டோகொப்பியும். பன்னிரண்டு வருசத்து டெஸ்க்டொப். காலையில் கடை திறந்து பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு துடி துடித்து நின்றுவிடுகிறது, சில நாள் அதுவும் இல்லை. பத்துப் பதினைந்து தடவை அழுத்தினால், அல்லது ஒன்பதரை மணி வரை சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காதது போல எழும்புகிறது. பகல் முழுக்க ஓடுகிறது, ஆனால் லேசர் பிரிண்டருக்கு பிரிண்ட் கொடுத்தால் சிலவேளை தானாகவே ரீஸ்டார்ட். ஒரு கடையில் மதர்போர்ட், அதாவது எல்லாம் குத்தியிருக்கும் பெரிய சர்க்கிட் பலகை, போய்விட்டது என்றார்கள், இன்னொரு கடையில் 500 வாட்ஸ் பவர் சப்ளை, அதாவது சுவர்க் கரண்டைச் சின்ன வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் இரும்புப் பெட்டி, போடச் சொன்னார்கள். மதர்போர்டில் இருக்கும் குட்டி பயோஸ் பெட்டரியை நீங்களே மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. காசு கொடுக்க முன்னம் எது பழுது என்று தெரிய வேண்டும். சரி, இதைத்தான் நான் ஹட்டனில் இருபது வருசமாகச் செய்துகொண்டிருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் சந்தேகம் பவர் சப்ளை மேல்தான். காரணம் உங்கள் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "ஒன்பதரை மணி வரை சும்மா விட்டால்". மற்றதெல்லாம் பத்து விதமான பழுதுக்குப் பொருந்தும், இந்த ஒரு வரி அப்படிப் பொருந்தாது.

ஒரு கேள்வி கேட்கிறேன். இரவு கடை மூடும்போது மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டுத்தானே போகிறீர்கள்? இடிக்குப் பயந்து நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான், அது சரியான பழக்கமும்கூட. ஆனால் அதனால் என்ன நடக்கிறது என்றால், பவர் சப்ளை இரவு முழுக்க வெறும் இரும்புத் துண்டாக ஆறிப்போய்க் கிடக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது உள்ளே என்ன குளிர் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நுவரெலியா, அம்பேவெல பக்கம் அந்த மாதங்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகுகிறது.

பவர் சப்ளைக்குள் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, கரண்டைக் கொஞ்சம் சேமித்துச் சீராக்கிக் கொடுப்பவை, சின்ன டின் மாதிரி உருளை உருளையாக. அதன் உள்ளே ஒரு திரவம். வருசக் கணக்காகச் சூட்டில் ஓடி ஓடி அந்தத் திரவம் மெல்ல மெல்லக் காய்கிறது, காயக் காய கெப்பாசிட்டரின் உள்தடை ஏறுகிறது. குளிரில் மிச்சமிருக்கும் திரவமும் இறுகி அந்தத் தடை இன்னும் ஏறிவிடும். புது கெப்பாசிட்டருக்கு இந்தக் குளிர் ஒன்றும் செய்யாது. காய்ந்துபோனது மட்டும்தான் காலையில் மாட்டிக்கொள்ளும். சூடு ஏறினதும் தடை இறங்கி, பழுது ஒளிந்துகொள்ளும். இதே பவர் சப்ளை கொழும்பில் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருசம் யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், குளிர் ஊர் கெப்பாசிட்டருக்கு நல்லது, பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு என்று கணக்கு. நம் ஊரில் பவர் சப்ளை நீண்ட நாள் வாழும், ஆனால் சாகப் போவதைக் காலையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, கரண்டை ஓன் பண்ணிச் சும்மா விட்டால் ஏன் சரியாகிறது? கம்ப்யூட்டர் ஓஃப் ஆக இருந்தாலும், சுவரில் கரண்ட் இருக்கும் வரை பவர் சப்ளைக்குள் ஒரு குட்டி சர்க்கிட் ஓடிக்கொண்டே இருக்கும். ஊதா வயரில் 5 வோல்ட் கொடுப்பது அதுதான், ஸ்டாண்ட்பை என்பார்கள். நீங்கள் பட்டனை அழுத்துவதை மதர்போர்ட் உணர்வதற்கே அந்த ஊதா வயர் வேண்டும். அந்தக் குட்டி சர்க்கிட் ஓடும்போது தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர்களும் கதகதப்பாகி, ஒன்பதரைக்கு எழும்புகிறது. நீங்கள் பத்துப் பதினைந்து தடவை அழுத்துவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான், தட்டித் தட்டிச் சூடேற்றுகிறீர்கள். இரவு முழுக்க கரண்டிலேயே விடுகிறவர்கள் "எங்க மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்வார்கள், நீண்ட நேரம் கரண்ட் போகும் வரைக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் கிழமைகளில் என் மேசை நிறைந்துபோனது. வருசக் கணக்காக ஆறவே விடாமல் ஓடிய மெஷின்கள், ஒரு தடவை ஆறியதும் எழும்பவில்லை.

எதையும் தொட முன்னம் ஒரு வேலை. இன்று பகல் மெஷின் ஓடும்போதே ஹார்ட் டிஸ்கில் உள்ள முக்கியமானதை எல்லாம் வெளியில் கொப்பி எடுங்கள். பிள்ளைகளின் அசைன்மென்ட், ஆட்களின் விண்ணப்பப் படிவங்கள், உங்கள் கணக்கு. காய்ந்த பவர் சப்ளை தான் சாகும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும்.

அப்புறம் சின்னச் சந்தேகங்களை முதலில் கழித்துவிடுவோம். சுவர் ப்ளக்கில் இருந்து கேபிள் வரைக்கும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். மல்டி ப்ளக் வேண்டாம், நேராகச் சுவரில் குத்துங்கள். நம் கடைகளில் பழைய உருண்டை முள் ப்ளக்கும் புது 13 அம்பியர் சதுர முள் ப்ளக்கும் கலந்து கிடப்பதால், ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடெப்டர் மாட்டி, அது தளர்ந்து, பொறி பறக்கிற இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தது பட்டன். பன்னிரண்டு வருசம் அழுத்திய பட்டன் உள்ளே தேய்ந்திருக்கலாம். கேசிங்கைத் திறந்து, மதர்போர்டின் ஓரத்தில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்னில் இருந்து அந்த மெல்லிய வயரைக் கழற்றி, ஸ்க்ரூட்ரைவர் நுனியால் அந்த இரண்டு பின்னையும் ஒரு கணம் தொடுங்கள். காலையில் அப்படித் தொட்டதும் டக்கென்று எழும்பினால் உங்கள் செலவு ஒரு பட்டனோடு முடிந்தது. பின்பக்கம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கிற பழைய மொடலாக இருந்தால் அது 230இல் இருக்கிறதா என்று பாருங்கள், பார்த்துவிட்டு அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளை ஒன்று அதைத் தள்ளிவிட்டு, அடுத்த நாள் கரண்ட் போட்டதும் பட்டாசு வெடித்த மாதிரி வெடித்த ஒரு யூனிட் என்னிடம் வந்திருக்கிறது.

இனி மீட்டர். டவுனில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை கேசிங்கின் பெயின்ட் இல்லாத இரும்பில், அல்லது ஏதாவது ஒரு கறுப்பு வயரில். சிவப்பு முனையை மதர்போர்டில் குத்தியிருக்கும் அந்தப் பெரிய 24 பின் கனெக்டரின் பின்பக்கத்தில், வயர் உள்ளே போகும் ஓட்டையில் செருக வேண்டும். கனெக்டரைக் கழற்றக் கூடாது, கழற்றி அளந்தால் பாதி உண்மைதான் தெரியும். முனை வழுக்கிப் பக்கத்து வயரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை நடுங்குகிறவராக இருந்தால் முனையைச் சுற்றி டேப் ஒட்டி, நுனி மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

கேசிங்கை முந்தின நாள் பின்னேரமே திறந்து வைத்துவிடுங்கள். காலையில் சுவர் சுவிட்சைப் போட்டதும், பட்டனைத் தொடாமல், முதலில் ஊதா வயர். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் கேஸில் நான் எதிர்பார்ப்பது வேறு. 3.8, 4.1, 3.9 என்று எண் நடுங்கிக்கொண்டே இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து ஒரு கடதாசியில் நேரத்தோடு எழுதுங்கள். 4.3, 4.5, 4.7 என்று ஊர்ந்து ஊர்ந்து ஏறி, ஏதோ ஒரு எண்ணைத் தாண்டினதும் மெஷின் எழும்பினால், மதர்போர்ட் என்று சொன்ன கடைக்கு அந்தக் கடதாசியையே கொண்டுபோய்க் காட்டலாம். இன்னொன்று, ஊதா சரியாகக் காட்டினாலும் உடனே நல்ல சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். மீட்டர் காட்டுவது சராசரியைத்தான். 5 வோல்ட் என்று காட்டிக்கொண்டே உள்ளே அலை அலையாக ஆடிக்கொண்டிருக்கலாம், அதைப் பார்க்க, வோல்ட் ஆடுவதைக் கோடாக வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப் வேண்டும்.

ஊதா பரவாயில்லை என்றால் பச்சை வயர். 24 பின்னில் பச்சை ஒன்றே ஒன்றுதான். மெஷின் ஓஃபில் இருக்கும்போது அதில் 3இல் இருந்து 5 வோல்ட் வரைக்கும் இருக்கும். பட்டனை அழுத்தினதும் மதர்போர்ட் அதைக் கீழே இழுத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதாவது "எழும்பு" என்று பவர் சப்ளைக்குச் சொல்கிறது. இந்த இடத்தில்தான் பழி யார் மேல் என்பது பிரிகிறது. பச்சை விழுந்தும் ஃபேன் சுற்றவில்லை என்றால், மதர்போர்ட் கூப்பிட்டது, பவர் சப்ளைதான் எழும்பவில்லை. ஊதா நன்றாக இருந்து, பட்டனும் நன்றாக இருந்து, பச்சை விழவே இல்லை என்றால் மதர்போர்ட் கூப்பிடவே இல்லை. அப்போது அந்த முதல் கடைக்காரர் சொன்னதை யோசிக்கலாம்.

அடுத்தது சாம்பல் நிற வயர். பவர் சப்ளை எழும்பி, எல்லா வோல்ட்டும் நிலைக்கு வந்த பிறகு, "நான் ரெடி" என்று மதர்போர்டுக்குச் சொல்லும் வயர் அது. எழும்பி அரை செக்கனுக்குள் 5 வோல்ட்டுக்குக் கிட்ட வந்துவிட வேண்டும். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஸ்கிரீனில் ஒன்றுமில்லை, சாம்பல் வயர் பூச்சியத்திலேயே கிடக்கிறது என்றால் அதுவும் பவர் சப்ளைதான். ஃபேன் சுற்றுவதைப் பார்த்து "பவர் நல்லா இருக்கு" என்று சொல்கிறவர்கள் இந்த வயரைப் பார்ப்பதே இல்லை. அதே நேரம் சாம்பல் நன்றாக 5ஐக் காட்டி, ஃபேனும் விடாமல் சுற்றி, ஸ்கிரீன் மட்டும் கறுப்பாக இருந்தால் ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துப் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்துப் பனிப்புகாரும் ஈரமும் ரேம் பற்களில் படலம் கட்டிவிடும், அதற்காக மதர்போர்டையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மெஷின் எழும்பின பிறகு மஞ்சள், சிவப்பு, ஒரேஞ்ச். மஞ்சள் 11.40இல் இருந்து 12.60, சிவப்பு 4.75இல் இருந்து 5.25, ஒரேஞ்ச் 3.14இல் இருந்து 3.47. சும்மா இருக்கும்போது ஒரு தடவை, வேலை கொடுத்து ஒரு தடவை. வேலை என்றால் பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு வீடியோவைத் திறந்து விடுங்கள், கூடவே பெரிய ஃபைல் ஒன்றைக் கொப்பி போடுங்கள். சும்மா இருக்கும்போது 12.1 காட்டிய மஞ்சள், வேலை ஏற ஏற 11.3க்கு இறங்கினால் வேறு சாட்சி தேவையில்லை. மஞ்சளையும் சிவப்பையும் மட்டுமாவது பார்க்க, சும்மா தொங்கும் நாலு பின் டிஸ்க் கனெக்டரில் முனையை விட்டால் போதும், அது லேசு. மெஷின் எழும்பும்போது திறக்கக்கூடிய பயோஸ் செட்டிங் ஸ்கிரீனில் காட்டும் வோல்ட்டை நம்பாதீர்கள். அங்கே 10.9 என்று காட்டின மெஷினில் என் மீட்டர் 12.05 காட்டியிருக்கிறது. அளக்கும்போதே அந்த 24 பின் கனெக்டரின் பிளாஸ்டிக்கையும் பாருங்கள், மஞ்சள் வயர் பக்கம் கருகிப் பழுப்பேறியிருந்தால் அது வேறு கதை, அங்கே தொடுப்பே தளர்ந்து சூடாகிறது.

கடைகளில் பலர் செய்யும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பச்சையையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைப்பார்கள், ஃபேன் சுற்றும், "பவர் சப்ளை ஓகே, மதர்போர்டுதான்". உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதுவும் பகல் பன்னிரண்டு மணிக்கு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோன சூட்டோடு. அந்த டெஸ்ட் சொல்வது ஒன்றே ஒன்று: யூனிட் முழுசாகச் சாகவில்லை. ஃபேன் ஒன்றைச் சுற்ற இரண்டு வாட்ஸ்கூட வேண்டாம். சும்மா நிற்கிற லொறியின் எஞ்சினைக் கேட்டுவிட்டு கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறுமா என்று சொல்ல முடியுமா?

மீட்டர் பிடிக்க மனம் வரவில்லை என்றால் குளிரையே டெஸ்டராக வைத்துக்கொள்ளலாம். ஒரு நல்ல குளிர் காலையில், எழும்ப மறுக்கும்போது, கேபிளைக் கழற்றிவிட்டு, வீட்டில் இருக்கிற ஹெயார் ட்ரையரை இளஞ்சூட்டில் வைத்து, பவர் சப்ளையின் காற்று ஓட்டை வழியாக இரண்டு மூன்று நிமிஷம் ஊதுங்கள். ஒரே இடத்தில் பிடிக்க வேண்டாம், பிளாஸ்டிக் உருகும் சூடும் வேண்டாம். பிறகு கேபிளைக் குத்தி அழுத்துங்கள். முதல் அழுத்திலேயே எழும்பினால் கேஸ் முடிந்தது. இரண்டு மூன்று காலை இப்படி நடந்தால் சந்தேகமே வேண்டாம். சூடு பவர் சப்ளைக்குள் மட்டும் போகட்டும், மதர்போர்ட் பக்கம் ஊதினால் எது சூடாகி எழும்பியது என்று தெரியாமல் போய்விடும்.

ஃபேன் ஒரு துடி துடித்து நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. எங்காவது ஷோர்ட் இருந்தால் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே ஓஃப் ஆகும். அப்படி ஆனால் கேபிளைக் கழற்றி அரை நிமிஷம் வைத்துத்தான் திரும்பப் போட வேண்டும். ஹார்ட் டிஸ்க், டிவிடி, யூஎஸ்பியில் குத்தியிருப்பது எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் துடித்து நின்றால், புரொசெசர் பக்கத்தில் தனியாகக் குத்தியிருக்கும் நாலு பின் மஞ்சள் கறுப்பு கனெக்டரைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால், மதர்போர்டில் புரொசெசருக்குக் கரண்ட் கொடுக்கும் இடத்தில் ஷோர்ட் இருக்கலாம். ஆனால் அந்த மாதிரி ஷோர்ட்டுக்கு ஏழு மணியும் ஒன்றுதான், ஒன்பதரையும் ஒன்றுதான். வெயில் வந்ததும் குணமாகாது. அதனால்தான் உங்கள் மதர்போர்டை நான் இன்னும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஒரு தடவை டோர்ச் அடித்து அதன் மேல் உள்ள கெப்பாசிட்டர்களை மட்டும் பாருங்கள், தலை தட்டையாக இருக்க வேண்டும். பணியாரம் மாதிரி உப்பியிருந்தாலோ, மேலே பழுப்புக் கசிவு இருந்தாலோ அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிரிண்டர் விசயத்துக்கு வருவோம். லேசர் பிரிண்டர் உள்ளே உருளையைச் சூடாக்கும்போது ஒரே இழுப்பில் பல நூறு வாட்ஸ் எடுக்கும். கடையில் லைட் ஒரு கணம் மங்குகிறதா என்று கவனியுங்கள். மங்கினால் அந்த நேரம் உங்கள் லைனில் வோல்ட் விழுகிறது. நமக்கு 230 வோல்ட், ஆனால் லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் எல்லா அடுப்பும் ஹீட்டரும் போட்ட நேரத்தில் 190க்குக் கீழேயும் நான் அளந்திருக்கிறேன். நல்ல பவர் சப்ளை இப்படி ஒரு கண் இமைப்பைத் தாங்கும். கரண்ட் முழுசாக வெட்டுப்பட்டால்கூட, முழு லோடில் 16 மில்லி செக்கன் அளவுக்குத் தன் கையிருப்பில் ஓட வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அந்தக் கையிருப்பு இருப்பதும் ஒரு கெப்பாசிட்டரில்தான், உள்ளே இருக்கும் ஆகப் பெரிய டின் அது. அதுவும் காய்ந்திருந்தால் பிரிண்டர் இழுத்த கணத்தில் கையிருப்பு இல்லாமல் ரீஸ்டார்ட். ஒரு நாள் பிரிண்டரை வேறு ப்ளக் பொயின்டில், முடிந்தால் பக்கத்துக் கடையில் இருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டிப் பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் இந்தக் கணக்கு சரி. யூபிஎஸ் வாங்கினாலும் லேசர் பிரிண்டரை அதில் குத்தாதீர்கள், யூபிஎஸ் அழுதுவிடும்.

விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்து பவர் சப்ளை என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. அது சொல்வது "ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் நின்றது" என்று மட்டும்தான். நீங்கள் கேபிளைப் பிடுங்கினாலும் அதே 41தான் விழும்.

கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது இந்தப் பழுதின் பகுதி இல்லை, உங்கள் ப்ளக்கில் எர்த் இல்லை. பவர் சப்ளையின் உள்ளே நுழைவாசலில் இரண்டு குட்டி கெப்பாசிட்டர்கள் எர்த்துக்குக் கட்டியிருக்கும், எர்த் இல்லாவிட்டால் இரும்பு முழுக்கக் கிட்டத்தட்ட பாதி மெயின் வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் வயரிங் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புது பவர் சப்ளை போட்டாலும் இது போகாது, போட்ட ஆள் மேல் கோபப்படாதீர்கள்.

பவர் சப்ளையைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றலாமா என்று கேட்பீர்கள். நான் மாற்றுகிறேன், நீங்கள் திறக்க வேண்டாம். அந்தப் பெரிய டின்னில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், கேபிளைக் கழற்றிவிட்டோம் என்பதற்காக அது உடனே போய்விடாது. திறந்தால் என்ன தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். போன மாதம் மஸ்கெலியா பக்கத்தில் இருந்து ஒன்று வந்தது, உங்கள் நோயேதான். மூடியைக் கழற்றினதும் மீன் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வாடை. ஃபேன் இறக்கைகளில் தேயிலைத் தூசி பஞ்சு பஞ்சாக, சூட்டைத் தேடி உள்ளே போன பல்லி ஒன்று அட்டை மாதிரிக் காய்ந்து ஓரத்தில். வெளியே போகும் வயர்கள் கிளம்பும் இடத்தில் இரண்டு கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. ஆனால் உண்மையான குற்றவாளி அவை இல்லை. ஸ்டாண்ட்பை ட்ரான்ஸ்போமருக்கு ஒட்டினாற்போல, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு குட்டி. பார்வைக்குப் புதுசு மாதிரி, உப்பல் இல்லை, கசிவு இல்லை. கழற்றி அளந்தால் உள்தடை எங்கேயோ நின்றது. அந்த ஒன்றை மாற்றினதும் காலையில் எழும்பியது. ஆனாலும் அந்த ஆளிடம் புதுசு வாங்கத்தான் சொன்னேன், ஏனென்றால் ஒன்று போன வயசில் மற்றதும் வரிசையில் நிற்கும்.

வாங்குவது பற்றி. உங்கள் மெஷினில் கிராஃபிக்ஸ் கார்ட் இல்லை, புரொசெசர் 65 வாட்ஸ் ரகம். எல்லாம் சேர்த்தாலும் 150 வாட்ஸைத் தாண்டாது. 500 தேவையே இல்லை, உண்மையான 350 அல்லது 400 போதும், "உண்மையான" என்பதில்தான் விசயமே இருக்கிறது. லேபலில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதை 12ஆல் பெருக்குங்கள். 500 என்று போட்டு 12 வோல்ட்டில் 14 அம்பியர் என்றிருந்தால் அது 168 வாட்ஸ் யூனிட். கையில் தூக்கிப் பாருங்கள், காலிப் பிஸ்கட் டின் மாதிரி லேசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பழைய மெஷினில் கழற்றின செகன்ட் ஹேண்ட் வேண்டாம், அதுவும் உங்களுடையதன் வயசுதான். இன்னொரு முக்கியம்: உங்களுடையது ரீகண்டிஷன் பண்ணின பிராண்டட் மெஷினாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி எத்தனை பின் என்று எண்ணிப் பாருங்கள். சில மொடல்களில் 24 பின்னுக்குப் பதில் 8 அல்லது 6 பின் கனெக்டர், வடிவமும் ஒல்லி. கண்டி வரைக்கும் போய் வாங்கி வந்து பொருந்தாமல் திரும்பப் போகிற பஸ் காசை மிச்சம் பிடிக்கலாம்.

வாங்க முன்னம் இன்னும் ஒரு வழி, எல்லாவற்றிலும் நிச்சயமானது: நல்லது என்று தெரிந்த ஒரு பவர் சப்ளையை யாரிடமாவது இரவல் வாங்கி, ஒரு குளிர் காலைக்கு மட்டும் மாட்டிப் பார்ப்பது. கால் மணித்தியால வேலை, கேசிங்கில் பூட்டக்கூட வேண்டாம், பக்கத்தில் வைத்து கனெக்டர்களைக் குத்தினால் போதும். "நல்லது என்று தெரிந்த" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை நான் என் தட்டில் இருந்து ஒன்றை எடுத்து மாட்டி, அதிலும் எழும்பாததால் மதர்போர்ட்தான் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் அந்த மதர்போர்டைப் பிடித்துக் கசக்கினேன். மூன்றாம் நாள் பார்த்தால், தட்டில் இருந்தது போன வருசம் நானே பழுது என்று கழற்றி வைத்தது. இப்போது கழற்றுகிற ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரால் தேதியும் ஊதா வயர் காட்டின எண்ணும் எழுதிவிடுகிறேன். நீங்கள் நாளைக் காலையும் மத்தியானமும் எடுக்கிற ஊதா எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், பச்சை விழுந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து.